100 டெராபைட் ஃபைல் சர்வர்: டெண்டரில் என்ன எழுதுவது?

சுவடிக்கூடம்:
வணக்கம். கல்லூரி நூலகத்துப் பழைய இதழ்களை 400 டிபிஐ வண்ண டிஃப் கோப்புகளாக ஸ்கேன் செய்கிறோம். ஒரு ஏ4 பக்கம் சுமார் 46 எம்பி. விண்டோஸ் காட்டுகிறபடி இப்போது 40 டெராபைட் இருக்கிறது, வருடத்துக்கு 12 கூடும். 5 வருடம் தாங்க வேண்டும். 15 விண்டோஸ் கணினிகள், 2 மேக். "200 டெராபைட் நாஸ், ரெய்டு 5" என்று ஒரு கொட்டேஷன் வந்திருக்கிறது (நாஸ் என்றால் நெட்வொர்க்கில் எல்லோரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி). வாங்கலாமா?

வட்டுத்தட்டு:
ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்றிரண்டு போனாலும் கோப்புகள் தப்பும்படி வைக்கும் முறை. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதை மட்டுமே தாங்கும், வேண்டாம். 16 டெராபைட் டிஸ்க் ஒன்று போனால், விநாடிக்கு 200 எம்பி தடையில்லாமல் கிடைத்தால்கூட மாற்று டிஸ்க்கை நிரப்ப 22 மணி நேரம் ஆகும். வேலை நேரத்தில் இன்னும் இழுக்கும். அதற்குள் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. ஒரே பெட்டியில் வந்த டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போவதும் உண்டு.

அந்த 200 என்பது 12 × 16 = 192, பேரிட்டி (போன டிஸ்க்கை மீட்க ஒதுக்கும் இடம்) கழிக்காத கணக்கு. ட்ரூநாஸில் (இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஓடும் சேமிப்பு சர்வர் மென்பொருள்) ஆறு ஆறாக இரண்டு ரெய்டு-இசட்2 குழு (ஒவ்வொன்றும் 2 டிஸ்க் போவதைத் தாங்கும்) போடுங்கள். குழுவுக்கு 2 டிஸ்க் பேரிட்டிக்குப் போக 8 டிஸ்க், 128 டெராபைட் மிஞ்சும். 80 சதவீதம் தாண்டினால் எழுதும் வேகம் படுத்துவிடும் என்பதால் கையில் 102. உங்கள் தேவை 100தானே என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 1024-ன் மடங்கில் எண்ணுவதால் அதன் 100, ஆயிரத்தின் மடங்கில் எண்ணும் டிஸ்க் கம்பெனிக் கணக்கில் 110. எனவே 18 டெராபைட் டிஸ்க்: 144, அதில் 80 சதவீதம் 115.

டெண்டரில் "ரெய்டு கழித்தபின் பயன்படும் கொள்ளளவு" என்றே எழுதுங்கள். ரெய்டு கார்டு கூடாது, ஐடி மோடில் எச்பிஏ (டிஸ்க்குகளை அப்படியே சர்வருக்குக் காட்டும் இணைப்பு கார்டு). இசிசி ரேம் (பிழையைத் தானே திருத்துவது) 64 ஜிபி. சிஎம்ஆர் டிஸ்க் (தடங்களைத் தனித்தனியாக எழுதுவது) மட்டும். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க், மீட்பு நடக்கும்போது பதில் சொல்லாமல் நின்று, கெட்டுப்போனதாகக் கருதப்பட்டுக் குழுவிலிருந்து தள்ளப்படும். நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் மாடல்கள் சில எஸ்எம்ஆர் என்று 2020-ல் தெரியவந்தது நினைவிருக்கும்.

லினக்ஸ் தெரிந்த ஆள் நிரந்தரமாக இல்லையென்றால் ட்ரூநாஸ் வேண்டாம். ரெடிமேட் பெட்டியில் ரெய்டு 6 (இதுவும் 2 டிஸ்க் போவதைத் தாங்கும்) போதும். எதுவானாலும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2022-ல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் ரான்சம்வேர் கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளுக்குள் புகுந்தது அப்படித்தான்.

கேபிள்மேஸ்திரி:
1 ஜிகாபிட்டில் விநாடிக்கு 110 எம்பிதான் வரும், அதை 15 பேர் பங்கு போட வேண்டும். சர்வரிலிருந்து ஸ்விட்ச் வரை 10 ஜிகாபிட், கணினிகளுக்கு 1 போதும். நாலு போர்ட்டைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரே கோப்பை இழுக்கும் கணினிக்கு ஒரு போர்ட் வேகம்தான். பழைய கேட்6 கேபிள் 10 ஜிகாபிட்டை 55 மீட்டர் வரைதான் தாங்கும்.

சாயங்காலம் அறையைப் பூட்டும்போது ஏசியையும் அணைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி ஒயரை சர்வரில் செருகி, பேட்டரி இறங்கும்போது தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள்.

எழுத்துக்கணக்கன்:
கோப்புப் பெயர் தமிழிலா? விண்டோஸில் பெயருக்கு 255 எழுத்துக்குறி. ட்ரூநாஸின் இசட்எஃப்எஸ்ஸில் வழக்கமாக 255 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிதான். புள்ளியும் கொம்பும் தனிக்குறி: 'க்' 6 பைட். இதழ் பெயர், மாதம், கட்டுரைத் தலைப்பு எல்லாவற்றையும் கோர்த்து வைத்திருந்தால் நகலெடுக்கும்போது பாதியில் நிற்கும்.

மேக்கிலிருந்து வரும் பெயரில் 'கொ'வின் ஒற்றைக்குறி இரண்டாகப் பிரிந்திருக்கக்கூடும். பார்வைக்கு ஒன்று, தேடினால் சிக்காது. டேட்டாசெட்டை (இசட்எஃப்எஸ்ஸில் கோப்புகளை வைக்கும் பகுதி) உருவாக்கும்போதே நார்மலைசேஷனை (இரு வடிவப் பெயர்களையும் ஒன்றாகக் கருதும் அமைப்பு) ஃபார்ம்-சி என்று வையுங்கள். பிறகு மாற்ற வழியில்லை.

சுவடிக்கூடம்:
நன்றி. பெயர்கள் தமிழில்தான், சில மிக நீளம். எஸ்எஸ்டி கேஷ் தேவையா? ஸ்னாப்ஷாட் இருந்தால் பேக்கப் வேண்டுமா?

வட்டுத்தட்டு:
கேஷ் வேண்டாம், அந்தப் பணத்தில் ரேமைக் கூட்டுங்கள். ஸ்னாப்ஷாட் என்பது அதே பெட்டியில் இருக்கும் பழைய நிலைப் பதிவு, தவறி அழித்த கோப்பை மீட்கத்தான். பெட்டியே எரிந்தால் அதுவும் போகும். எனவே பேக்கப் வேண்டும், அதை டேப்பில் எடுங்கள். எல்டிஓ-9 (பேக்கப்புக்கான காந்த நாடா வகை) டேப் ஒன்று 18 டெராபைட். அட்டையில் போட்டிருக்கும் 45-ஐ நம்பாதீர்கள், அது கோப்பு நன்றாகச் சுருங்கினால் வரும் கணக்கு. 110 டெராபைட்டுக்கு 7 டேப், இரண்டு செட்டாக 14. ஒரு செட் வேறு கட்டிடத்தில் இருக்கட்டும். டேப் டிரைவுக்கு வெளிப்புற எஸ்ஏஎஸ் போர்ட் (சர்வர் டிஸ்க், டேப் சாதனங்களுக்கான இணைப்பு) உள்ள கார்டு வேண்டும், அதையும் டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.