கால்டெக்ஸ் பலகையில் துரு: நிறுத்த வழி உண்டா?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் பழைய கால்டெக்ஸ் பெற்றோல் நிலையப் பலகை ஒன்று உள்ளது: ஐந்தடி விட்டம், இருபுறமும் எனாமல், நடுவில் சிவப்பு நட்சத்திரம். 1960களில் எண்ணெய் விநியோகம் அரசின் கைக்குப் போவதற்கு முந்தையது.

தென்மேல் பருவமழை தொடங்கியதிலிருந்து ஆணித் துளைகளைச் சுற்றித் துரு கசிகிறது. எனாமல் என்பது இரும்பின் மேல் சூளையில் உருக்கிய கண்ணாடிப் பூச்சு. துரு அடியில் பரவ, மேலே நகக்கண் அளவு சில்லுகள் உதிர்கின்றன.

மண்ணெண்ணெய் தேய்த்தேன், கடைத் துருநீக்கி பூசினேன், மெழுகும் போட்டேன். அடுத்த பனிமூட்டத்துக்கே பழுப்புக் கோடு திரும்பிவிட்டது. கராஜ் பாஸ் முழுதாகச் சுரண்டி ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார். அதற்குப் புதுத் தகடே வாங்கலாமே! உள்ளே வைக்கலாமென்றால் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) வீட்டுக் கதவில் நுழையாது, கொட்டகைதான் கதி.

மூலப் பூச்சைக் கெடுக்காமல், சில்லு விட்ட விளிம்புகளில் துருவை நிறுத்த எதைப் பூச வேண்டும்?