குடும்பக் குழுவில் பெகி ஆஷ்கிராஃப்ட்

திவ்யா (கிராய்டன்): மாமா, இங்கே ஃபேர்ஃபீல்டு ஹால்ஸ் கட்டடத்துக்குள் ஆஷ்கிராஃப்ட் என்ற பெயரில் ஒரு நாடக அரங்கு இருக்கிறது. யார் அவர்?

ராஜு மாமா: பெகி ஆஷ்கிராஃப்ட்! நீ இருக்கிற கிராய்டனில்தான் 1907இல் பிறந்தார். அவர் இருக்கும்போதே, 1962இல் அந்த அரங்குக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தலைமுறையில் அவருக்கு இணையான நடிகை கிடையாது.

அருண்: அவர் நடித்த படம் ஏதாவது பார்த்திருக்கிறோமா அப்பா?

ராஜு மாமா: ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’, 1935. போலீஸுக்குத் தப்பி ஓடுகிற கதாநாயகன் ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயி வீட்டில் ஒதுங்குவானே, அந்த விவசாயியின் மனைவி. கொஞ்ச நேரம்தான் வருவார். புருஷனின் கோட் ஒன்றை அவனுக்குக் கொடுத்து ராத்திரியே தப்பவிடுவார். அந்தக் கோட்டுப் பையில் இருந்த பாட்டுப் புத்தகம்தான் பிறகு குண்டைத் தாங்கும். கோட்டைக் கொடுத்ததற்கு இவருக்கு அடி விழும்.

அருண்: பட்டணத்துப் பெண்கள் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே என்று ஆசையாகக் கேட்பாரே, அவரா!

ராஜு மாமா: அவரேதான். அதே வருடம் லண்டன் மேடையில் ஜூலியட். ஜான் கீல்குட், லாரன்ஸ் ஒலிவியர் என்ற இரண்டு பெரிய நடிகர்களும் ரோமியோ வேடத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஜூலியட் மட்டும் இவர்தான்.

சுதா: ராஜு, பால் ரோப்சனோடு நடித்தவர் இவர்தானே?

ராஜு மாமா: ஆமாம் அக்கா. 1930, சவாய் தியேட்டர், ‘ஒதெல்லோ’. அப்போது வயது 22. கறுப்பின நடிகருக்கு ஜோடியாக நடிப்பதா என்று வசைக் கடிதங்கள் வந்தன. ரோப்சனோடு நடிக்கக் கிடைத்ததே பெரும் பேறு என்று பகிரங்கமாகச் சொன்னார்.

சுதா: அந்த வயதில் அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

திவ்யா: அப்புறம் ஏன் படங்களில் அதிகம் காணோம்?

ராஜு மாமா: மேடைதான் அவருக்கு உயிர். இயக்குநர் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவை உருவாக்கியபோது ஆரம்பத்திலேயே கூட நின்றவர். 1963இல் ஸ்ட்ராட்ஃபர்டில் ‘தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’, ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைச் சேர்த்துத் தொகுத்தது. 55 வயதில் மார்கரெட் வேடம்: இளம்பெண்ணாக வந்து, ராணியாகி, கடைசியில் சாபமிடும் கிழவி. பிடிபட்ட யார்க் பிரபுவிடம், அவர் மகனின் இரத்தத்தில் தோய்த்த துணியை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்வாள். பிபிசி பதிவில் பார்த்தேன். அவளை வெறுக்கவும் முடியவில்லை, பார்வையை விலக்கவும் முடியவில்லை.

அருண்: நம் மலை ரயில் வருகிற படத்திலும் இருக்கிறாராமே?

ராஜு மாமா: ‘எ பேசேஜ் டு இந்தியா’, 1984, டேவிட் லீன் எடுத்தது. அதில் மூர் அம்மாள். ராத்திரியில் மசூதிக்குள் தனியாக நிற்கும் வெள்ளைக்காரம்மாவைக் கண்டு டாக்டர் அஜீஸ் பதறிச் சத்தம் போடுவார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன், கடவுள் இங்கே இருக்கிறார் என்பார் மூர் அம்மாள். அவ்வளவு சாந்தம். அந்த வேடத்துக்குத்தான் 77 வயதில் ஆஸ்கர். சிறந்த துணை நடிகை விருதை அந்த வயதில் இன்றுவரை வேறு யாரும் வாங்கவில்லை. விழாவுக்கு அவர் போகவில்லை, ஏஞ்சலா லான்ஸ்பரிதான் வாங்கிக்கொண்டார்.

திவ்யா: நான் எதிலிருந்து தொடங்கட்டும் மாமா?

ராஜு மாமா: ‘தி ஜுவல் இன் தி கிரவுன்’ தொடர். அதுவும் 1984தான், 14 பகுதிகள். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பார்பியாக வருகிறார். ஓயாமல் பேசுகிறவள், யாரும் காது கொடுப்பதில்லை. கடைசியில் பேச்சே நின்றுவிடும். மூர் அம்மாளைவிட எனக்கு இந்த பார்பிதான் ஒரு படி மேல்.

சுதா: அருண், சனிக்கிழமை வரும்போது எனக்கும் டிவியில் போட்டுக் கொடு.

அருண்: சரி அத்தை.