பெரிய கூட்டில் விட்டும் கிளி மூலையை விட்டு அசையவில்லை

உவர்மலை அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஒரு காக்கட்டீல் கிளி இருக்கிறது, பெயர் பொன்னன். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. இரண்டு வயது. தம்பி வெளிநாடு போகும்போது என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதுவரை ஒன்றரை அடிக் கூட்டில்தான் இருந்தது, செட்டையை முழுதாக விரிக்கக்கூட இடமில்லை. பார்க்கப் பாவமாக இருந்ததால், மூன்றடி நீளத்தில் கம்பி வலையடித்து ஒரு கூடு செய்வித்தோம். விறாந்தையின் நடுவில் தொங்கவிட்டு, ஊஞ்சல், கண்ணாடி எல்லாம் போட்டோம்.

இன்றைக்கு ஒன்பதாவது நாள். பின்பக்க மூலையில் வலையைப் பிடித்தபடி, கொண்டையைத் தலையோடு ஒட்டப் படுக்க வைத்துக்கொண்டு இருக்கிறது. நாங்கள் உள்ளே போன பிறகுதான் சாப்பிட இறங்குகிறது. கையை விட்டால் சீறுகிறது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே கூட்டடிக்குத்தான் ஓடுவாள். "அம்மா, பொன்னனுக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ?" என்று நேற்றுக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா:
அக்கா, முதலில் உடம்பு சரியா என்று பார்த்துவிடுங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். பகலிலும் இறகைப் பொம்மென்று வைத்துக்கொண்டு தூங்கினாலோ, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். குசினித் தராசில் நிறுத்தும் பார்க்கலாம். காக்கட்டீல் பொதுவாக 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். நாளுக்கு நாள் எடை இறங்கினால் அது பயம் மட்டும் இல்லை.

இன்னொன்று, வலை புதிய கல்வனைஸ் வலை என்றால் அதன் நாகப் (சிங்க்) பூச்சு கிளிக்கு நஞ்சு. வினாகிரி தொட்டுத் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, கழுவிக் காயவிடுங்கள். தேய்த்தாலும் ஆபத்து குறையுமே தவிர முழுதாகப் போகாது, அதனால் கம்பியைக் கொறிக்கிறதா என்று கவனியுங்கள்.

நிலாவெளி:
தங்கச்சி, பதினொரு வருடமாகக் காக்கட்டீல் வளர்க்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: தொங்கவிட்டோம். இது கச்சான் காற்றுக் காலம். விறாந்தை நடுவில் தொங்கும் கூடு பகல் முழுக்க ஆடிக்கொண்டுதான் இருக்கும். கால் வைக்கிற இடமெல்லாம் ஆடினால் எந்தக் கிளி நடந்து பார்க்கும்? நாலு பக்கமும் திறந்த வெளி வேறு. இந்த இனத்தின் சொந்த ஊர் அவுஸ்திரேலியா, அங்கே கூட்டமாகத் தரையில் மேயும். பருந்து வந்தால் ஒன்று எழும்ப, எல்லாம் எழும்பும். உங்களுடையது தனியாள். முதுகைக் காக்க அதற்குக் கிடைத்தது அந்த மூலை மட்டும்தான். உங்களைப் பிடிக்காமல் அங்கே போகவில்லை என்று மகளிடம் சொல்லுங்கள்.

கூட்டை இறக்கி அசையாத மேசையில், உங்கள் கண் உயரத்துக்கு, முதுகு சுவரில் படும்படி வையுங்கள். பின்பக்கமும் ஒரு பக்கவாட்டும் பழைய சீலையால் மூடுங்கள். கண்ணாடியை எடுத்துவிடுங்கள், ஆண் கிளி அதற்குள் தெரிகிற கிளியோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடும். பழைய கூட்டுத் தடியை அப்படியே கொண்டுவந்து, அது இப்போது இருக்கிற மூலைக்குப் பக்கத்தில் கட்டுங்கள். அதன் எச்சமும் நகக்கீறலும் இருக்கிற தடி, அதற்குத் தெரிந்த தடி. அதிலிருந்து ஒரு எட்டுத் தூரத்தில் கொய்யாக் கிளை ஒன்று, மருந்தடிக்காத மரத்தில் வெட்டி, பட்டையோடும் இலையோடும். பிடிக்கும்போது முன் நகமும் பின் நகமும் முட்டாத பருமன் வேண்டும். நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், துளி அசைந்தாலும் திரும்பக் கட்டுங்கள்.

கையை உள்ளே விட வேண்டாம். தினைக் கதிர் ஒன்றை மூலைக்குப் பக்கத்தில் செருகி, தினம் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். பட்டினி போட்டு வரவழைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இவ்வளவு சிறிய உடம்பு அதைத் தாங்காது. மகளைப் பக்கத்தில் இருந்து பிஸ்கட் சாப்பிடச் சொல்லுங்கள், கிளியைப் பார்க்காமல். கூட இருப்பவர் சாப்பிட்டால் இந்த இடத்தில் ஆபத்தில்லை என்று அதற்கு விளங்கும்.

இரவில் சின்ன லைட் ஒன்று எரியட்டும். இருட்டில் திடுக்கிட்டால் இந்த இனம் கூட்டுக்குள்ளேயே மோதிக் காயப்படும்.

கடைசியாக, கூட்டுக்கு அருகில் குனிந்து, அதன் கண் இருக்கிற இடத்தில் உங்கள் கண்ணை வைத்து வெளியே பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

உவர்மலை அம்மா:
பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். எடை 88 கிராம், குறையவில்லை.

அண்ணா சொன்னபடி குனிந்து பார்த்தேன். நேர் எதிரே முருங்கைமரம், அதன் கீழே நாங்கள் மீன் வெட்டும் கல். காலையில் மீன்காரர் வந்துபோனால் ஆறேழு காகம் அந்த மரத்தில் வந்து குந்தும். நான் மீன் கழுவிய ஒவ்வொரு காலையிலும் பொன்னன் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். நெஞ்சு கனத்துப் போயிற்று. அன்றைக்கே கூட்டை உள்ளே, கூடத்துச் சுவரோரம் மாற்றினோம். மீன் வெட்டும் இடமும் பின்வளவுக்குப் போய்விட்டது.

நாலாம் நாள் பழைய தடிக்கு வந்தான். கொய்யாக் கிளையை ஒரு கிழமை வெறுமனே பார்த்தான். பிறகு ஒரு பின்னேரம் கழுத்தை நீட்டி, சொண்டால் பட்டையைக் கடித்து இழுத்து, ஒரு காலை மட்டும் வைத்து, திரும்ப எடுத்து, மறுபடி வைத்தான். மகள் மூச்சுக்கூட விடாமல் இருந்தாள். இரண்டாவது காலும் வந்ததும் கொண்டை பாதியளவு எழும்பியது.

இப்போது இலையெல்லாம் பிய்த்துக் கீழே போட்டுவிட்டான். நாளைக்குப் புதுக் கிளை வெட்ட வேண்டும். எந்தப் பக்கம் கட்டுவது என்று மகள் இப்போதே கூட்டுப் படம் கீறி வைத்திருக்கிறாள்.