படுத்துக் கிடந்தவருக்கும் விண்வெளிக்குப் போனவருக்கும் எழும்பும்போது ஏன் தலை சுற்றுகிறது?

2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளியில் இருந்து திரும்பியபோது அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்ததைப் பார்த்து, பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று எங்கள் வீட்டில் பதறிவிட்டார்கள். அது நோய் இல்லை என்று எனக்குத் தெரிந்ததே குலசேகரத்து மாமாவால்தான்.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போனவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பிறகும் வெகுநாள் கட்டிலே கதியென்று கிடந்தார். முதன்முதலாக எழும்பி நின்றபோது உதடெல்லாம் வெளுத்து, நெற்றி வியர்த்து, அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டார். "நெஞ்சில ஒரு கோளாறும் கெடையாதே மக்ளே" என்று அவருக்கே திகில். பிசியோதெரபிக்கு வந்த பெண்தான், "பாட்டா, சட்டுனு எழும்பாதீங்க, காலத் தொங்கப்போட்டுக் கொஞ்சம் இருங்க" என்றார். விண்வெளி வீரர்களின் உடம்பு எப்படி மாறும் என்று பூமியிலேயே ஆராய, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் ஆட்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள் என்று அவர் சொன்னதும் எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது, தேடித்தேடிப் படித்தேன்.

நாம் நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் உடனே கண்டுகொண்டு துடிப்பைக் கூட்டி, ரத்தக்குழாய்களை இறுக்கி, மூளைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். எடையற்ற இடத்தில் இந்த வேலையே இல்லை, படுத்தே கிடப்பவருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். காலில் உள்ள நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறி முகம் உப்பிவிடும், கால் மெலிந்துவிடும், சில நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இதயமும் கொஞ்சம் உருண்டையாகிறது. 340 நாள் விண்வெளியில் இருந்த அமெரிக்க வீரர் ஸ்காட் கெல்லிக்கு, வாரத்தில் 6 நாள் உடற்பயிற்சி செய்தும், இதயத்தின் இடது கீழறையின் எடை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாம். ஆனாலும் இதயம் ஒழுங்காகவே வேலை செய்திருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்: அது கெட்டுப்போகவில்லை, இருக்கிற வேலைக்கு ஏற்றபடி தன்னைச் சுருக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

சிக்கல் இறங்கும்போதுதான். ரத்தம் குறைவு, குழாய்களுக்கு இறுக்கிப் பிடிக்கிற பழக்கமும் விட்டுப்போயிருக்கும், நின்றால் கண் இருட்டும். அதனால்தான் தரையிறங்கும் முன்பு உப்பும் தண்ணீரும் கொடுக்கிறார்கள், காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கிற உடையும் போட்டுவிடுகிறார்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு யாரும் உப்புத்தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.