வெள்ளத்துக்குள்ள நிண்ட ஸ்கூட்டர் பெட்டரி: சார்ஜ் போடலாமா?

கல்லடி வாசி:
வீட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர், 60 வோல்ட். பழைய ஈய அசிட் பெட்டரி செத்த பிறகு கடையில லித்தியம் பெட்டி கட்டித் தந்தாங்க. மாரி வெள்ளத்தில வாவித் தண்ணி சீட் வரைக்கும் ஏறினது. காய வச்சு ஓடுறம். இப்ப சார்ஜ் போட்டா பெட்டியில கை வைக்க ஏலாத சூடு, நெயில் பொலிஷ் மாதிரி மணம். ராவையில ஹோலுக்குள்ளதான் சார்ஜ். இதுக்கு ரீகோல் (கொம்பனியே பிழையான சாமானைத் திருப்பி எடுக்கிறது) ஏதும் இருக்கா?

காத்தான்குடி மெக்கானிக்:
தம்பி, முதல்ல பிளக்கைக் கழட்டுங்க. மணம் வருதெண்டா செல் (பெட்டிக்குள்ள இருக்கிற சின்ன பெட்டரி) கசியுது. ஓட வேணாம், உருட்டிக்கொண்டு போய் சுவர், வேலி, வேற வாகனம் கிட்ட இல்லாத வெளியில விடுங்க. மறுகா சார்ஜர் லேபிளில அவுட்புட் எத்தனை வோல்ட் எண்டு பாருங்க.

அக்கரைப்பற்று எலக்ட்ரீஷியன்:
ரீகோல் ஃபெக்டரியில நடந்த பிழைக்கு. 2021இல செவ்ரொலே போல்ட் கார் எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டது, எல்ஜி செல்லுக்குள்ள அனோட் (மைனஸ் பக்கத் தகடு) நுனி கிழிஞ்சு, பிளஸ் மைனஸ் தகட்டைப் பிரிச்சு வைக்கிற செபரேட்டர் படலம் மடிஞ்சிருந்ததால. 2022 ஏப்ரலில இந்தியாவில ஓலா கொம்பனி 1,441 ஸ்கூட்டரைக் கூப்பிட்டதும் புனேயில ஒண்டு பத்தின பிறகுதான். கடையில கட்டின பெட்டிக்கு ரீகோல் விடுறது ஆரு?

உங்கட பிரச்சினை உப்பு. வாவியில கடல் தண்ணியும் கலந்திருக்கு. தண்ணி காய்ஞ்சாலும் உப்பு செல்லுக்கு நடுவில, போர்டுக்கு மேல படிஞ்சு கிடந்து ஷோர்ட் ஆக்கும், துருவும் பிடிக்கும். 2022இல இயன் புயலுக்குப் பிறகு புளோரிடாவில கடல் வெள்ளத்தில நிண்ட கார்கள், தண்ணி வடிஞ்ச பிறகும் தானாப் பத்தினது இதாலதான். அங்க கட்டடத்துக்கு 50 அடி தள்ளி விடச் சொன்னவங்க.

கல்லடி வாசி:
வெளியில விட்டாச்சு நானா. சார்ஜரில 73.5, பெட்டியில 67.2 எண்டு கிடக்கு.

காத்தான்குடி மெக்கானிக்:
நினைச்சன். 73.5 ஈய அசிட்டுக்கு உரிய சார்ஜர், 12 வோல்ட் பெட்டரி அஞ்சுக்கு. உங்கட பெட்டியில 16 செல் வரிசை, செல்லுக்கு 4.2க்கு மேல ஏத்தக்கூடாது. இவ்வளவு நாளும் பெட்டிக்குள்ள செல்லைக் காக்கிற பிஎம்எஸ் போர்டு கரண்டை வெட்டி விட்டிருக்கும். அதை உப்பு அரிச்சா, சார்ஜர் தன்ட பாட்டுக்கு ஏத்திக்கொண்டே போகும்.

கல்லடி வாசி:
பழுதான செல்லை மட்டும் மாத்தித் தாறன் எண்டு இங்க ஒருத்தர் சொல்றார்?

காத்தான்குடி மெக்கானிக்:
விடுங்க தம்பி. தண்ணி குடிச்ச பெட்டியில நல்ல செல் எது எண்டு பார்த்துப் பிரிக்க ஏலாது. பெட்டியும் சார்ஜரும் சேர்த்தே மாத்துங்க. பழசைத் திறக்காதீங்க, குப்பை லொறிக்கும் குடுக்காதீங்க. புகை வந்தா கிட்டப் போகாம தீயணைப்புக்கு, 110க்கு அடிங்க.