.44 ரிவால்வருக்கு .454 குண்டு ஏன்?

கேள்வி (கொசப்பேட்டை, வேலூர்)

டெக்சாஸில் வசிக்கும் என் மைத்துனர், 1860ஆம் ஆண்டு கோல்ட் ஆர்மி ரிவால்வரின் இத்தாலிய நகல் ஒன்றை வாங்கியிருக்கிறார். சுழல் உருளையின் ஒவ்வோர் அறையிலும் கருமருந்தை இட்டு, ஈயக் குண்டை முன்பக்கமாக அழுத்தி, பின்னால் கேப்பு (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) பொருத்திச் சுடும் வகை அது. அதை .44 என்று அழைத்தாலும், கடையில் .451, .454 அங்குலக் குண்டுகளைத்தான் கொடுக்கிறார்களாம். 1806இல் நம் கோட்டைச் சிப்பாய்கள் வைத்திருந்த துப்பாக்கியில் குழலைவிடச் சிறிய குண்டே இடப்பட்டதாகப் படித்திருக்கிறேன். இங்கு மட்டும் பெரிய குண்டு ஏன்?

பதில் 1 (ராணிப்பேட்டை, லேத் பட்டறை)

ஐயா, .44 என்பது பெயர்தான். அதை அளவாகக் கொள்ள வேண்டாம். குழலின் உட்புறத்தில் புரி (குண்டைச் சுழலச் செய்யும் திருகுப் பள்ளங்கள்) வெட்டியபின் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் விட்டம் .45ஐ ஒட்டி வரும். .36 என்ற ரிவால்வருக்கு .375 அல்லது .380 குண்டு இடுவதும் இதே காரணத்தால்தான்.

பார்க்க வேண்டியது அறையின் வாய் விட்டம். குண்டு அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால், நெம்புகோலால் அழுத்தும்போது விளிம்பு ஈயத்தைச் சீவி, மெல்லிய மோதிரம் போன்ற வளையமாக வெளியே தள்ளும். அந்த வளையம் எங்கும் அறுபடாமல் முழுதாக வந்தால், குண்டு அறையைச் சுற்றிலும் அடைத்துவிட்டது என்று பொருள். இடைவெளி இருந்தால் ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவக்கூடும். பின்னுதைப்பில் மற்றக் குண்டுகள் முன்னுக்கு நகர்ந்து உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளவும் கூடும். ஈயம் கலப்பற்றதாக இருக்க வேண்டும். ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயம் சீவப்படாமல் நெம்புகோலையே வளைத்துவிடும். புகையற்ற நவீன வெடிமருந்தை இதில் ஒருபோதும் இடலாகாது.

பதில் 2 (காட்பாடி)

1806 பற்றி: கும்பினிப் படையின் பிரவுன் பெஸ் மஸ்கட்டின் குழல் ஏறக்குறைய .75 அங்குலம், குண்டு .69 அளவில். கருமருந்துக் கரி படிந்த குழலில், காகிதத் தோட்டாவைப் போரின் நடுவே விரைந்து இறக்க வேண்டியிருந்ததால் அந்த இடைவெளியை வேண்டுமென்றே விட்டார்கள். குறி தவறுவதைப் பொறுத்துக்கொண்டார்கள். அதில் புரியும் இல்லை, பக்கத்து அறையும் இல்லை. ரிவால்வரின் கதை வேறு.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மைத்துனர் வெர்னியர் காலிப்பரால் ஆறு அறைகளையும் அளந்து, 11.35 மில்லிமீட்டர் என்றார்.

பதில் 1

.451 என்பது 11.46 மில்லிமீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் சீவப்படும்; அதிலேயே தொடங்கச் சொல்லுங்கள். ஏதேனும் ஓர் அறையில் வளையம் பாதியாக வந்தால் மட்டும் .454க்கு மாறட்டும். அதில் குண்டு குழலைத் தொடும் பட்டை சற்று அகலமாகிப் புரியை நன்றாகப் பற்றும், ஆனால் நெம்புகோலில் கை அழுத்தம் கூடும்.