மூடிய சுரங்க நிலத்தில் கன்றுகள் இரண்டாம் கோடையில் காய்கின்றன, ஜிப்சம் போடலாமா?

கேள்வி | செம்மண்காடு
பழுப்பு நிலக்கரி எடுத்த பள்ளத்தில் ஓபி மண்ணையே (நிலக்கரிக்கு மேலிருந்து தோண்டி எடுத்த மண்) திரும்பக் கொட்டி, டோசரால் சமப்படுத்திய 4 ஹெக்டேர். ஒன்றரை அடிக் குழி, தொழு உரம்; வேம்பு, புங்கன், முந்திரி. ஐப்பசி மழையில் குழிகளில் தண்ணீர் நின்றது. முதல் கோடையைத் தாண்டியவைகூட இப்போது நுனியிலிருந்து கருகுகின்றன. பிஎச் 4.4, அதாவது அமில மண். ஜிப்சம் போடச் சொல்கிறார்கள்.

பதில் 1 | மண்வெட்டி
ஜிப்சம் களர் நிலத்துக்கு. பிஎச்சை அது ஏற்றாது.

முதல் சந்தேகம் மண் இறுக்கம். காய்ந்த கன்றின் பக்கத்தில் தோண்டுங்கள். வேர் குழிச்சுவரில் முட்டி வளைந்து சுற்றியிருந்தால் குழி பூந்தொட்டியாகத்தான் இருந்திருக்கிறது: மழையில் நீர் வடியாது, வேனிலில் வேர் கீழே இறங்காது. குழியைப் பெரிதாக்கினால் தொட்டி பெரிதாகும், அவ்வளவுதான்.

டோசரில் ஒற்றைக் கொம்பு ரிப்பர் (மண்ணை ஆழமாகக் கிழிக்கும் இரும்புக் கொம்பு) மாட்டி 90 செ.மீ. முதல் 1 மீட்டர் ஆழம், 2.5 மீட்டர் இடைவெளியில், சமமட்டக் கோட்டிலேயே கிழிக்க வேண்டும். சரிவு வாக்கில் இழுத்தால் ஒவ்வொரு கோடும் ஓடையாகிவிடும். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போதுதான் நொறுங்கும். ஈரத்தில் கொம்பு போன தடம் மெழுகியதுபோல் நிற்கும். அதன்பின் வண்டி எதுவும் ஏறக்கூடாது, தண்ணீர் டேங்கர் உட்பட.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் 1977 சுரங்க நில மீட்புச் சட்டத்துக்குப் பின் சரிவு நிற்க வேண்டுமென்று மண்ணை அழுத்தி அழுத்திச் சமப்படுத்தி, ஃபெஸ்க்யூ புல்லை அடர்த்தியாக விதைத்தார்கள். புல் வந்தது, காடு வரவில்லை. இப்போது அங்கே மரம் வைப்பவர்கள் மேல் 1.2 மீட்டரை அழுத்தாமல் கொட்டி, டோசரை ஓரிரு நடைக்கு மேல் விடுவதில்லை.

பதில் 2 | சுண்ணாம்புக்கல்
ரிப்பருக்கு முன்பே சல்பைடைப் பாருங்கள். ஓபி மண்ணில் கரிய களியும் நிலக்கரித் துணுக்கும் இருந்தால் பைரைட் (காற்றும் நீரும் பட்டால் அமிலமாகும் இரும்பு சல்பைடு) இருக்கலாம்; இருந்தால் இன்றைய 4.4 அடுத்த வருடம் 3 ஆகவும் கூடும். 30% ஹைட்ரஜன் பெராக்சைடைச் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு 5.5க்குக் கொண்டுவாருங்கள் (கடைச் சரக்கே அமிலமாக இருக்கும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்). கையுறை, கண்ணாடியோடு ஒரு சிட்டிகை மண்ணில் ஊற்றுங்கள். பொங்கி, பிஎச் 3க்குக் கீழே போனால் ஆய்வகத்தில் சல்பைடு கந்தகம் அளந்தே ஆகவேண்டும்.

கணக்கு: 1% சல்பைடு கந்தகத்துக்கு 1000 டன் மண்ணுக்கு 31.25 டன் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக்கல் தூள்). ஒரு ஹெக்டேரில் மேல்மண் 15 செ.மீ. சுமார் 2000 டன், 0.2% என்றால் 12.5 டன். சட்டிக் கலப்பையால் இதை முதலில் கலக்குங்கள், ரிப்பர் கடைசியில். கரிய களி திட்டுத்திட்டாகத் தெரியும் இடத்தில் சுண்ணாம்பு கட்டுப்படியாகாது, 1 மீட்டர் நல்ல மண் போட்டு மூடுங்கள்.

மூடுபயிருக்கு முயல் மசால் (பயறு வகைத் தீவனப் பயிர்), வரிசையில் விதைத்தால் ஹெக்டேருக்கு 6 கிலோ. விதையை 80 டிகிரி நீரில் 4 நிமிடம் வைக்காவிட்டால் பாதி முளைக்காது. கன்றைச் சுற்றி 1 மீட்டர் விதைக்காமல் வெறும் மண்ணாக விடுங்கள்.

செம்மண்காடு
உயிரோடு நிற்கும் கன்றுகளுக்கு நடுவே ரிப்பர் போகுமா?

மண்வெட்டி
வேண்டாம், வேர் அறுபடும். தண்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, பொக்லைன் வாளியால் 1 மீட்டர் ஆழம் கிளறி அதே இடத்தில் போடுங்கள். கன்றுக்கு இரண்டு பக்கம் போதும். மேலே தட்டி அமுக்கும் ஆபரேட்டரை மட்டும் பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.